கடற்கரை ஊர்களுக்கு மானியம்: மனு எழுதுமுன் அறிய வேண்டியவை

நம் மாநிலத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மிகுந்த நீளமுடையது. திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை 14 மாவட்டங்கள் கடலைத் தொட்டு நிற்கின்றன. இக்கரையோரத்தில் மீன்பிடித் தொழிலும் வேளாண்மையும் அண்டை வீட்டார் போல வாழ்ந்து வருகின்றன. ஒரு பக்கம் படகும் வலையும். மறு பக்கம் நெல்லும் தென்னையும். ஆகவே கடல் கரையை அரித்தாலும், கழி தூர்ந்து போனாலும், கிணற்று நீர் உவர்த்தாலும் இரு சாராரும் ஒருங்கே துன்புறுகின்றனர். இத்துன்பங்களுள் சிலவற்றை ஊர் மக்களின் முயற்சியாலும் மானியத்தின் துணையாலும் தணிக்க இயலும்.

மானியம் தரும் வழிகள் இன்று பல உள்ளன. எனினும் ஊர்களிலிருந்து வரும் மனுக்கள் பல பயனின்றித் திரும்புகின்றன. காரணம் யாது? “எங்கள் கடற்கரையில் நடுவதற்குப் பத்தாயிரம் மரக்கன்றுகளும் அதற்குரிய தொகையும் வழங்கியருள வேண்டும்” என்பது போன்ற மனுக்களே மிகுதி. அவற்றில் கேட்கும் தொகை தெளிவாக இருக்கும். கரை எதனால் கெட்டது, நட்ட கன்றுக்கு மூன்றாம் ஆண்டில் காவல் யார் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை இராது. இவ்விரண்டுக்கும் விடை கண்ட பின் எழுதப்படும் மனுவே நிற்கும். அதனால் வரும் பணமே ஊருக்குப் பயன்படும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரணத்தைக் கண்டறிதல்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது. அக்காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் வெறுந்திடலாகக் கிடந்தது. சுற்றியுள்ள ஊரார் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே அதற்குக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தின்படி மருந்து எளிது: ஊராரைத் தடுத்தால் போதும், காடு தானே வளரும்.

1988இல் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனை ஆராய்ந்தபோது வேறொரு காரணம் புலப்பட்டது. ஆங்கிலேயர் காலந்தொட்டு அக்காட்டைக் கூப்புக் கூப்பாகப் பிரித்து, ஒரு கூப்பிலுள்ள மரங்கள் அனைத்தையும் ஒருசேர வெட்டும் முறை வழக்கத்தில் இருந்து வந்தது. நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தாம்பாளம் போன்ற பள்ளமாயிற்று. கடல் ஏற்றத்தின்போது உட்புகுந்த நீர், வற்றத்தின்போது வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்தது. அவ்வுப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை.

காரணம் தெரிந்தபின் மருந்தும் மாறியது. வனத்துறையும் நிறுவனமும் ஊர் மக்களும் இணைந்து, ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இரு புறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக, மீன் முள் வடிவில் வழி வெட்டினர். ஏற்றத்தில் நீர் புகுந்தது, வற்றத்தில் வெளியேறியது, உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால்கள் மேலே அகன்றும் கீழே குறுகியும் வெட்டப்பட்டன. அவற்றின் சரிவில் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் முதலியவை நடப்பட்டன. வெறுந்திடல் மீண்டும் காடாயிற்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். வாய்க்கால் வெட்டாமல் இலட்சம் கன்றுகளை நட்டிருப்பினும் அவை அனைத்தும் மடிந்திருக்கும். மேலும், செய்யாத குற்றத்துக்கு ஊரார் பழி சுமந்திருப்பர். காரணம் அறியாத திட்டம் பணத்தை வீணாக்குவதோடு நில்லாது. ஏழைகளின் பிழைப்பிலும் கைவைத்துவிடும்.

ஒரு மருந்து எல்லாக் கரைக்கும் ஆகாது

கழியும் சேறும் உள்ள இடத்துக்கு அலையாத்தி ஏற்றது. திறந்த மணற்கரைக்கு அது ஆகாது. மணற்கரையில் இயற்கை அமைத்த காப்பு மணல்மேடு ஆகும். அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து மணலைப் பிடித்து வைக்கின்றன. அம்மேட்டை மணலுக்காகவோ பாதைக்காகவோ வெட்டிய ஊர்களில் கடல் எளிதில் உட்புகும். இத்தகைய ஊருக்கு மேட்டை மீட்பதும், அடம்பைப் பரப்புவதும், படகு செல்லும் பாதைகளை வரையறுப்பதுமே உரிய பணிகள்.

சவுக்கு நமது உழவர்க்கு நன்கு பழகிய மரம். காற்றைத் தடுப்பதில் அதன் பயனை எவரும் மறுக்க இயலாது. எனினும் அலை வந்து தொடும் எல்லையை ஒட்டிச் சவுக்கை நெருக்கி நட்டால், முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு இடமில்லாது போகும். மணல்மேட்டின் இயல்பான செடிகொடிகளும் நலியும். ஆகவே காற்றுத் தடுப்பு மரங்களை மேட்டுக்கு உட்புறத்தில் அமைப்பதே தகும். கடலுக்கும் வயலுக்கும் இடையே பனை, புன்னை, பூவரசு ஆகியவற்றையும் கலந்து நடலாம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யம் வட்டத்தைச் சேர்ந்த நாலுவேதபதி என்னும் ஊரைப் பலர் அறிவர். 2002ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நடப்பட்டன; அது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, கரையோர மரங்கள் அவ்வூரின் சேதத்தைக் குறைத்தன எனப் பலரும் எழுதியுள்ளனர். நட்ட எண்ணிக்கை ஒரு நாள் செய்தி. இரண்டாண்டுகள் கன்றுகளைக் காத்து வந்தமையே ஊருக்குக் கிடைத்த பயன்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்ப் பகுதியில் நடந்த ஆய்வு, மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு எனக் கண்டது. பின்னர் அதனைப் பரிசீலித்த பிற ஆய்வாளர்கள், ஊரின் உயரமும் கரையிலிருந்து அதன் தொலைவும் பெரும் பங்கு வகித்தன எனச் சுட்டினர். ஆதலின் “இக்காடு வந்தால் கடலால் எங்கள் ஊருக்கு இனி எவ்விதத் தீங்கும் வாராது” என மனுவில் எழுதற்க. காற்று, அரிப்பு, மீன் வளம், மண்ணின் உவர் ஆகியவற்றில் எதிர்பார்க்கும் பயனை அளவோடு கூறினால் போதும். மிகை உரை மனுவின் மதிப்பைக் குறைக்கும்.

நிலம் யாருடையது?

கடற்கரையில் “சும்மா கிடக்கும் நிலம்” என ஒன்று கிடையாது. அது காப்புக் காடாக இருக்கலாம், புறம்போக்காக இருக்கலாம், பட்டா நிலமாகவும் இருக்கலாம். காகிதத்தில் தரிசெனப்படும் இடத்தில் ஒரு குடும்பம் கருவாடு காயவைக்கும். மற்றொரு குடும்பம் வலை உலர்த்தும். பெண்கள் கழியில் இறங்கி இறாலும் நண்டும் பிடித்து அன்றாடச் செலவை ஈடுகட்டுவர். மழைக்காலத்தில் வயல் நீர் வடியும் வழியும் அதுவாகவே இருக்கக்கூடும்.

ஆகவே மனு எழுதுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று புல எண், அ-பதிவேட்டு நகல், புலப்படம் ஆகியவற்றைப் பெறுக. வனத்துறை நிலமாயின் அத்துறையின் துணையின்றி ஒரு கூடை மண்ணும் எடுக்க இயலாது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் இதில் கண்டிப்பானது.

இதற்கும் மேலாகக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உள்ளது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கைக்குப் பின் 2019இல் புதியது வெளியாயிற்று. அதன்படி அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணல்மேடு, ஆமை முட்டையிடும் இடம், உவர்ச் சதுப்பு ஆகியவை மிகுந்த காப்புக்குரிய முதல் வகையில் அடங்கும். அங்குக் கல் அடுக்குவது, சுவர் எழுப்புவது, சாலை போடுவது போன்ற பணிகளைத் திட்டத்தில் சேர்த்தால் மனு அங்கேயே நின்றுவிடும். ஐயம் இருப்பின், மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் குழுவை அணுகுக. கடலோரப் பாரம்பரியச் சமூகத்தினர், மீனவர் உட்பட, குறைந்தது மூவர் அக்குழுவில் இடம்பெற வேண்டும் என அறிவிக்கை கூறுகிறது. உங்கள் பகுதிப் பிரதிநிதி யாரென அறிந்து வைத்திருத்தல் நன்று.

ஊரின் ஒப்புதல்

கிராம சபை தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் ஒன்றில் திட்டத்தை முன்வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும். வெறுங் கையொப்பத்துக்காகக் கூட்டும் கூட்டம் ஏட்டுச் சுரைக்காய் போன்றது. புலப்படத்தை விரித்து வைத்து, எந்த இடம், எத்தனை ஆண்டுக்கு, யாருடைய வழி மறிபடும் என்பவற்றை வாய்விட்டுப் பேச வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரோ, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரோ, இதனை முன்னின்று நடத்தலாம்.

வாய்க்கால் வெட்டினால் உவர் நீர் வயலுக்கு ஏறுமோ என்னும் அச்சம் உழவர்க்கு இயல்பானது. நட்ட இடத்துக்குக் காவல் போட்டால் கழிக்குச் செல்லும் வழி அடைபடுமோ என்பது மீனவரின் அச்சம். இரண்டையும் தீர்மானத்திலேயே எழுதி, தீர்வையும் எழுதுக. எடுத்துக்காட்டாக, வாய்க்காலின் உள் எல்லை வயல் வரப்பிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நிற்கும் எனவும், கழிக்கு இன்ன பாதை என்றும் திறந்திருக்கும் எனவும் குறிக்கலாம். கருத்து வேறுபாட்டை மறைத்த தீர்மானத்தை விட, அதனைக் கூறித் தீர்த்த தீர்மானத்தையே மானியம் தருவோர் நம்புவர்.

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். ஊரிலுள்ள செடி, மீன், பறவை, அவற்றைப் பற்றி முதியோர் அறிந்தவை ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைப்பது அதன் கடமை. அப்பதிவேடு உங்களிடம் இருப்பின் மனுவுக்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

பணம் வரும் நான்கு வழிகள்

முதலாவது, பஞ்சாயத்தின் சொந்த வழி. ஆண்டுதோறும் தயாரிக்கும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இப்பணியை முதற்கண் சேர்த்திடுக. அதில் இடம்பெறாத பணிக்குப் பின்னர் இடம் தேடுவது கடினம். மண் வேலையை ஊரக வேலைத் திட்டத்தில் இணைக்க இயலுமா என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிக, விதிகள் மாறுவதுண்டு. ஊரார் மூன்றில் ஒரு பங்கு தர முன்வரின் நமக்கு நாமே திட்டமும் உண்டு. பணியின் மதிப்பு ரூ.6 இலட்சமாயின் ஊரார் பங்கு ரூ.2 இலட்சம் எனக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இரண்டாவது, துறைகளின் வழி. மத்திய அரசு 2023–24ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த மிஷ்டி திட்டம் அலையாத்திக் காடு வளர்ப்புக்கென்றே அமைந்தது. அதே ஆண்டில் நம் மாநில அரசு நெய்தல் மீட்சி இயக்கத்தை அறிவித்தது. இவற்றுக்குப் பஞ்சாயத்து நேரே விண்ணப்பிப்பதில்லை. வனத்துறையின் வாயிலாகவே செல்ல வேண்டும். ஆகவே மாவட்ட வன அலுவலருக்கு நிலவிவரமும் கிராம சபைத் தீர்மானமும் இணைத்துக் கடிதம் எழுதுக. ஆயத்தமாக உள்ள ஊருக்கே முதலில் இடம் ஒதுக்கப்படும்.

மூன்றாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர இலாபம் ரூ.5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் காப்பு அவற்றுள் ஒன்று. அறக்கட்டளை அல்லது சங்கம் இப்பணத்தைப் பெற்றுச் செயற்பட வேண்டுமாயின், மத்திய அரசிடம் அதற்கெனப் பதிவு செய்திருப்பதோடு மூன்றாண்டுச் செயல் அனுபவமும் காட்ட வேண்டும். புதிதாகத் தொடங்கிய சங்கம், அனுபவமுள்ள ஒன்றுடன் சேர்ந்து செயற்படுவதே அறிவுடைமை. எந்த நிறுவனத்தின் கழிவு உங்கள் கழியில் கலக்கிறதோ அந்நிறுவனத்திடம் பணம் பெறுமுன் ஊர் கூடி நன்கு ஆலோசித்தல் வேண்டும்.

நான்காவது, பன்னாட்டுச் சிறு மானியம். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இல் தொடங்கியது. அரசுசாரா அமைப்புகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் அது உதவுகிறது. நெடுங்காலம் ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் என்பது அதன் வரம்பாக இருந்தது. நடப்பு வரம்பை அவ்வப்போது வெளியாகும் அழைப்பில் காண்க. ஊரார் தம் பங்கை ரொக்கமாக மட்டுமன்றி உழைப்பாகவும் பொருளாகவும் இதில் காட்டலாம். 40 பேர் 5 நாட்கள் மண் சுமந்தால் அது 200 மனித நாட்கள். அதனை மதிப்பிட்டு எழுதுக. ஆனால் வெளிநாட்டுப் பணத்தை நேரே பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இன்றியமையாதது. அச்சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தத்தின்படி, ஓர் அமைப்பு தான் பெற்ற அத்தகைய நன்கொடையை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. “பணத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம்” என வரும் இடைத்தரகரை நம்பற்க.

மனுவின் உறுப்புகள்

நல்ல மனு நீண்டதாக இருக்க வேண்டுவதில்லை. பின்வரும் ஆறு கேள்விகளுக்கு முறையே விடை தந்தால் போதும். எந்த இடம்? என்ன கெட்டது? எதனால் கெட்டது? என்ன செய்யப் போகிறோம்? எவ்வளவு செலவு, அதில் ஊர்ப் பங்கு எவ்வளவு? பணம் முடிந்த பின் பொறுப்பு யாருடையது?

கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அவ்வூரார், “எங்கள் ஊர்க் கழியில் மீன் இல்லை, காடு வளர்க்க ரூ.10 இலட்சம் தருக” என எழுதுவது ஒரு வகை. “எங்கள் கழியின் தென்கரையில் 6 ஹெக்டேர் உவர்த்திடல் உள்ளது, பாலம் கட்டியபின் கடல் நீர் புகும் இரண்டு வாய்களில் ஒன்று அடைபட்டது, அது முதல் அங்குச் செடி முளைப்பதில்லை, அவ்வாயைத் திறந்து, வாய்க்கால் வெட்டி, ஒரு பருவம் உப்பு கழுவியபின் வெண்கண்டல் நடுவோம்” என எழுதுவது மற்றொரு வகை. இரண்டாவது மனுவைப் படிக்கும் அலுவலர் அவ்விடத்தை நேரில் பார்க்காமலே பணியின் தன்மையை உணர்ந்துகொள்வார்.

இதற்குச் சான்று தேடப் பெரும் கருவிகள் தேவையில்லை. அளவு குறித்த மூங்கில் கழிகளைத் திடலில் ஊன்றி, அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நீர் ஏறும் உயரத்தை ஓராண்டு குறித்து வருக. அருகிலுள்ள கிணறுகளின் நீரைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் எடுத்து, மண் மற்றும் நீர்ப் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைச் சோதித்திடுக. ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு நிழற்படம் எடுத்திடுக. வாய் எப்போது அடைந்தது, எந்த மீன் எப்போது மறைந்தது என்பவற்றை மூத்த மீனவரிடம் கேட்டு எழுதுக. பள்ளி மாணவர்களைக் கொண்டே இவற்றுள் பெரும்பகுதியைச் செய்து முடிக்கலாம்.

பருவத்தையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். வாய்க்கால் வேலை கோடையில் நடைபெற வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு தணிந்தபின் நடவு தொடங்க வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காக உச்சி வெயிலில் கன்று நடுவது கன்றுக்கும் நன்றன்று, கணக்குக்கும் நன்றன்று. காலஅட்டவணையை இதற்கேற்ப மனுவிலேயே எழுதித் தவணைகளைக் கேட்டுப் பெறுக.

கணக்கும் காவலும்

மானியம் பெற்றபின் தனி வங்கிக் கணக்கு, ரொக்கப் பதிவேடு, வருகைப் பட்டியல், அளவுப் புத்தகம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பேணுக. முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தராத ஊருக்கு இரண்டாம் தவணை வாராது. வரவு செலவைக் கிராம சபையில் படித்துக் காட்டுவது தணிக்கையாளருக்கு அஞ்சியன்று. ஊரின் நம்பிக்கையைக் காக்கவே.

மீன் முள் வாய்க்கால்கள் வண்டல் படிந்து தூர்ந்துவிடும் இயல்புடையவை. அவ்வப்போது தூர் எடுக்காவிடில் நீர் மீண்டும் தேங்கும். பழைய நோய் திரும்பும். ஆகவே மதிப்பீட்டில் தூர் எடுக்கும் செலவு, பட்டுப்போன கன்றுக்கு மாற்று நடும் செலவு, காவற்கூலி ஆகியவற்றை மூன்றாண்டுக்காவது சேர்த்திடுக. அதனால் பரப்பு குறையுமாயின் குறையட்டும். அகல உழுவதினும் ஆழ உழுவது நன்று என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. 20 ஹெக்டேரில் நட்டு 2 ஹெக்டேர் பிழைப்பதைவிட, 5 ஹெக்டேரில் நட்டு நான்கைக் காப்பதே சிறப்பு. ஆண்டு இறுதியில் எத்தனை நட்டோம் என்பதைவிட எத்தனை உயிரோடு உள்ளன என்பதை எண்ணி, அதையே அறிக்கையில் எழுதுக. எண்ணிக்கை குறைவாக இருப்பினும் மறைக்க வேண்டா. காரணத்தோடு எழுதினால் அடுத்த திட்டத்துக்கு அதுவே வழிகாட்டியாகும்.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கலாம். அதற்குள் அங்கத்தினர் ஐவர், மீனவர் இருவர், உழவர் இருவர், கழியில் நண்டு பிடிக்கும் பெண்கள் இருவர் எனக் கூடி, புலப்படத்தோடு கரை முழுவதும் ஒருமுறை நடந்து வருக. நீர் எங்கே புகுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மணல் வெட்டப்பட்டது என்று குறித்துக் கொள்க. அக்குறிப்போடு ஒன்றிய அலுவலகத்துக்கு வருவீர்களாயின் மதிப்பீடு தயாரிப்பதிலும், உரிய துறைக்கு அனுப்புவதிலும் உதவ நாம் கடமைப்பட்டுள்ளோம். கரையின் குறையை அங்கு வாழ்வோர் கண்டு சொன்னால்தான், அரசு தரும் பணம் சேர வேண்டிய இடத்தில் சேரும்.